கர்ப்ப காலத்தில் ஃப்ளூ, கொரோனா வந்தால் ரத்தத்தில் என்ன நடக்கும்? ஆக்சிமீட்டரில் 98 இருந்தாலே போதுமா?

காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருக்கும். இருமல் மட்டும் மிச்சம். ஏழாம் மாதம். டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு லேபில் இருந்து வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. திறந்து பார்த்தால் பாதி வரிகளுக்குப் பக்கத்தில் அம்புக்குறி. ஹீமோகுளோபின் கம்மி, வெள்ளை அணு ஜாஸ்தி, ஈ.எஸ்.ஆர் எக்கச்சக்கம். அடுத்த அஞ்சு நிமிஷத்தில் அந்த ரிப்போர்ட் குடும்ப குரூப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒருத்தர் "உடம்புல ரத்தமே இல்லையாம்" என்பார். இன்னொருத்தர் "சாதாரண சளிதானே, ரெண்டு மாதுளம்பழம் சாப்பிட்டா சரியாயிடும்" என்பார்.

இரண்டுமே சரியில்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் சில அம்புக்குறிகளுக்குக் காரணம் வைரஸே இல்லை, கர்ப்பம்தான். அதே நேரம், ஃப்ளூ, கொரோனா போன்ற சுவாசத் தொற்றுகள் நுரையீரலோடு நின்றுவிடுவதும் இல்லை. ரத்தத்தின் மூன்று வேலைகளில் அவை கை வைக்கின்றன: ஆக்சிஜனைச் சுமப்பது, கிருமியோடு சண்டை போடுவது, தேவையான இடத்தில் உறைவது. இந்த மூன்றும் கர்ப்பத்தில் ஏற்கெனவே மாறியிருக்கும். அதனால்தான் மற்றவர்களுக்கு 'ஃப்ளூ வந்துச்சு, போச்சு' என்று முடிகிற விஷயத்தை, கர்ப்பிணிக்கு டாக்டர்கள் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறார்கள்.

கர்ப்பத்தில் ரத்தத்தின் கணக்கே வேற

முதலில் வைரஸை ஓரமாக வைத்துவிட்டு, ஆரோக்கியமான ஒரு கர்ப்பிணியின் ரத்தத்தைப் பார்ப்போம்.

ரத்தத்தில் தண்ணீர் மாதிரி இருக்கும் பகுதிக்கு பிளாஸ்மா என்று பெயர். கர்ப்ப காலத்தில் இது 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பணுக்களும் கூடத்தான் செய்கின்றன, ஆனால் 20 முதல் 30 சதவீதம் அளவுக்குத்தான். ஒரு குடம் சாம்பாரில் அரைக் குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, பருப்பைக் கால் குடம் மட்டும் சேர்த்த கதை. மொத்தத்தில் பருப்பு முன்பைவிட அதிகம்தான், ஆனால் ஒரு கரண்டியில் வருவது கம்மி. ரத்தப் பரிசோதனை அளப்பது அந்த ஒரு கரண்டியைத்தான்.

இதனால்தான் மற்ற பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்றால், கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டிருக்கிறது. நடு மூன்று மாதங்களில் அந்தக் கோடு 10.5. ஏழுக்குக் கீழே என்றால் தீவிரம், தள்ளிப்போடவே கூடாது.

வெள்ளை அணுவும் அப்படித்தான். வழக்கமாக 11,000-ஐத் தாண்டினால் 'இன்ஃபெக்ஷன்' என்பார்கள். கர்ப்பிணிக்கு 15,000 வரை போவது சகஜம். பிரசவ வலி வந்த நேரத்தில் எடுத்தால் இன்னும் மேலே போகும். ஈ.எஸ்.ஆர் அளவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடுவதால் அது தானாகவே உயர்ந்திருக்கும். கர்ப்பிணிக்கு ஈ.எஸ்.ஆர் 40, 50 என்று வந்ததைப் பார்த்துப் பதறுவதில் அர்த்தம் இல்லை. பெரும்பாலான லேப் ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' அளவு, கர்ப்பிணி அல்லாதவர்களுக்கானது. அந்த அம்புக்குறியைப் போடுவது கம்ப்யூட்டர். அதற்கு நீங்கள் கர்ப்பிணி என்று தெரியாது.

வைரஸ் வந்ததும் இரும்புச்சத்து எங்கே போகிறது?

இப்போது வைரஸைக் கொண்டுவருவோம். இன்ஃப்ளூயன்ஸா என்றாலும், கொரோனா என்றாலும், கிருமி உள்ளே வந்ததும் உடம்பு எச்சரிக்கை ரசாயனங்களை வெளியிடுகிறது. அதில் ஒன்றின் பெயர் இன்டர்லூகின்-6. இது கல்லீரலுக்குப் போய் "ஹெப்சிடின் சுரக்க ஆரம்பி" என்று சொல்கிறது.

ஹெப்சிடின் ஒரு ஹார்மோன். இரும்புச்சத்துக்கு வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடலில் இருந்து இரும்பு ரத்தத்துக்குள் வரும் கதவையும், உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பு வெளியே வரும் கதவையும் அது சாத்திவிடும். பல கிருமிகள், முக்கியமாக பாக்டீரியாக்கள், வளர்வதற்கு இரும்பு தேவை. 'உனக்குத் தர மாட்டேன்' என்று உடம்பு அதை ஒளித்துவைக்கிறது. கோடிக்கணக்கான வருஷப் பரிணாமத்தில் வந்த நல்ல தந்திரம்தான். சிக்கல் என்னவென்றால், கிருமிக்குக் கிடைக்காத இரும்பு, எலும்பு மஜ்ஜைக்கும் கிடைக்காது. அங்கேதான் சிவப்பணு தயாராகிறது.

ஆரோக்கியமான கர்ப்பத்தில் மாதம் ஏற ஏற ஹெப்சிடின் அளவு இறங்கும். குழந்தைக்கும் இரும்பு போக வேண்டும் என்பதால், வாட்ச்மேன் கதவைத் திறந்துவைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். தொற்று வந்தால் அவரை மறுபடி வாசலில் உட்காரவைக்கிறது. தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் சப்ளை நின்றுபோகிறது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால் மூன்று நாள் ஃப்ளூவுக்கு ஹீமோகுளோபின் 12-ல் இருந்து 8-க்கு இறங்கிவிடாது. அப்படி ரிப்போர்ட் வந்தால், பெரும்பாலும் அது காய்ச்சலுக்கு முன்பே குறைவாக இருந்திருக்கும். காய்ச்சலுக்காக டெஸ்ட் எடுத்ததால் வெளியே தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படி இல்லை என்றால் ரத்தக்கசிவு போன்ற வேறு காரணத்தை டாக்டர் தேடுவார். நாள்கணக்கில் நீடிக்கும் கடுமையான தொற்று, நிமோனியா, ஐ.சி.யூ வாசம், இவற்றில்தான் தொற்றே ரத்தசோகையைக் கூட்டுகிறது.

'முன்பே குறைவாக இருந்திருக்கும்' என்பது நம் ஊரில் அரிதான விஷயம் இல்லை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாடு முழுவதும் பார்த்தால் 52.2 சதவீதம். அதாவது, ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் பத்து கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தால், கிட்டத்தட்ட ஐந்து பேர் இருப்பு குறைந்த நிலையில்தான் எந்தக் காய்ச்சலையும் சந்திக்கிறார்கள்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட், தொற்று இருக்கும்போது பொய் சொல்லும். வீக்கம், காய்ச்சல் இருந்தாலே ஃபெரிட்டின் உயர்ந்துவிடும். 'ஃபெரிட்டின் நல்லாத்தானே இருக்கு, மாத்திரை எதுக்கு?' என்று காய்ச்சல் நேரத்து ரிப்போர்ட்டை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. உடம்பு தேறிய பிறகு மறுபடி பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆக்சிமீட்டர் சொல்லாத விஷயம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

கொரோனா காலத்தில் இருந்து பல வீடுகளில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறது. விரலில் மாட்டினால் 98 என்று காட்டும். 'ஆக்சிஜன் நல்லா இருக்கு' என்று நிம்மதியாகிவிடுகிறோம். அந்த 98 எதன் 98?

ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏற்றிச் செல்லும் பஸ் என்று வைத்துக்கொண்டால், ஆக்சிமீட்டர் சொல்வது 'இருக்கிற பஸ்களில் 98 சதவீதம் சீட் நிரம்பியிருக்கிறது' என்பதை மட்டும்தான். எத்தனை பஸ் ஓடுகிறது என்பதைச் சொல்லாது. பாதி பஸ்தான் ஓடுகிறது என்றாலும், அவை நிரம்பியிருந்தால் 98 என்றே காட்டும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 12 இருக்கும் பெண்ணுக்கு ஆக்சிமீட்டரில் 98 காட்டினால், அவருடைய 100 மில்லி ரத்தத்தில் கிட்டத்தட்ட 16 மில்லி ஆக்சிஜன் இருக்கும். ஹீமோகுளோபின் 7 இருக்கும் பெண்ணுக்கும் ஆக்சிமீட்டரில் அதே 98தான். ஆனால் அவர் ரத்தத்தில் இருப்பது 9 மில்லிக்குச் சற்று மேல். ஒரே எண், கையில் இருக்கும் சரக்கு பாதிக்குக் கொஞ்சம் மேல்.

இந்த இரண்டு பேருக்கும் ஃப்ளூவில் நிமோனியா வந்து 98 என்பது 90 ஆகிறது என்று வையுங்கள். முதல் பெண்ணிடம் 14 மில்லிக்கு மேல் மிச்சம் இருக்கும். இரண்டாமவரிடம் எட்டரைதான். இரண்டு பேருக்குமே 90 ஆபத்தானதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இரண்டாமவரின் இதயம், அதே வேலையைச் செய்ய எவ்வளவு வேகமாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கர்ப்பத்தில் உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் சுமார் 20 சதவீதம் கூடுகிறது. வயிறு மேலே தள்ளுவதால் மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்றும் குறைகிறது. செலவு ஜாஸ்தி, சேமிப்பு கம்மி. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர்கள் கறாராக இருக்கிறார்கள். '93தானே, கொஞ்ச நேரம் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, காய்ச்சல், இருமல் என்று போகும்போது கர்ப்பிணியின் கடைசி ஹீமோகுளோபின் அளவு என்ன என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தாய்சேய் நல அட்டையில் எழுதியிருக்கும். இன்னொரு சின்ன விஷயம்: ஏழாம் மாதம் வளைகாப்புக்குப் போட்ட நகப்பூச்சும், அடர்த்தியான கறுப்பு மெஹந்தியும் ஆக்சிமீட்டரின் அளவைக் குழப்பலாம். சந்தேகம் வந்தால் வேறு விரலில் மாட்டிப் பாருங்க.

பழைய கணக்கு என்ன சொல்கிறது?

1918ல் உலகத்தையே உலுக்கிய இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோயின்போது, அமெரிக்காவில் நோய் வந்த 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களை ஒரு மருத்துவர் சேகரித்து அடுத்த ஆண்டே வெளியிட்டார். பாதிப் பேருக்கு நிமோனியா. இறந்தவர்கள் 27 சதவீதம். 2009ல் எச்1என்1 பரவியபோது, அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் பன்றிக்காய்ச்சல் இறப்புகளில் 5 சதவீதம் அவர்கள்.

கொரோனா சமயத்தில் 18 நாடுகளில் நடந்த 'இன்டர்கோவிட்' ஆய்வு, தொற்று வந்த 706 கர்ப்பிணிகளையும் வராத 1,424 பேரையும் ஒப்பிட்டது. தொற்று வந்தவர்கள் ஐ.சி.யூவுக்குப் போகும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு. ரத்த அழுத்தம் எகிறும் ப்ரீ-எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு சுமார் முக்கால் பங்கு கூடுதல். நம் நாட்டில், மும்பையில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் இனப்பெருக்க ஆரோக்கிய ஆய்வு நிறுவனம் கர்ப்பிணிகள், பிரசவித்த பெண்களுக்காகத் தனிப் பதிவேடு வைத்திருந்தது. அதில் முதல் அலையில் 0.7 சதவீதமாக இருந்த இறப்பு, 2021ன் இரண்டாவது அலையில் 5.7 சதவீதமாக ஏறியது. அந்த ஏப்ரல், மே மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இந்த இறப்புகளுக்கெல்லாம் ரத்தம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. முதல் எதிரி நுரையீரல் பாதிப்புதான். ஆனால் நுரையீரல் தடுமாறும்போது தாங்கிப்பிடிக்க வேண்டிய ரத்தம் எந்த நிலையில் இருக்கிறது என்பது முக்கியம்.

ரத்தம் உறைவது: இயற்கை போட்ட திட்டத்தில் வைரஸ் புகுந்தால்?

பிரசவத்தின்போது ரத்தப்போக்கு இருக்கும் என்பது உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் கர்ப்பம் ஆரம்பித்ததுமே ரத்தத்தை 'சீக்கிரம் உறையும்' நிலைக்கு அது நகர்த்துகிறது. மேலே சொன்ன ஃபைப்ரினோஜன் கடைசி மாதங்களில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. இது பாதுகாப்புக்காகத்தான். ஆனால் இதற்கு விலையும் உண்டு. கர்ப்பிணிக்குக் காலில் ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு, அதே வயதில் இருக்கும் மற்ற பெண்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம்.

இப்போது வைரஸின் பங்கு. கடுமையான கொரோனா, ரத்தக்குழாயின் உள்பூச்சைப் புண்ணாக்குகிறது. புண்ணான இடத்தில் தட்டணுக்கள் ஒட்டும், உறைதல் தொடங்கும். ஃப்ளூவிலும் கடுமையாக வந்தால் இது நடக்கும், கொரோனா அளவுக்கு அல்ல. அதோடு காய்ச்சலில் உடம்பில் தண்ணீர் வற்றும், நாள் முழுக்கப் படுத்தே கிடப்போம். கர்ப்பம், வீக்கம், நீர்ச்சத்துக் குறைவு, அசைவின்மை என்று நான்கும் ஒரே பக்கம் தள்ளுகின்றன.

காலில் உருவாகும் கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் வரும். வயிற்றுக்குள் இடது பக்கம் வரும் சிரையின் மேல் தமனி குறுக்கே போவதும், அதன் மேல் கர்ப்பப்பை அழுத்துவதும்தான் காரணம். கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்குவது சாதாரணம், அது இரண்டு காலிலும் வரும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அது வேறு விஷயம். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீரென மூச்சு வாங்கும், நெஞ்சில் குத்தும். 'ஃப்ளூ இருமல்தானே' என்று இதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

டி-டைமர் என்ற டெஸ்ட்டை கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். வழக்கமான கோடு 500. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் எந்த நோயும் இல்லாத பெண்களில் பெரும்பாலானவர்களுக்கே இது 500-ஐத் தாண்டியிருக்கும். அதனால் யாரும் எழுதிக் கொடுக்காமல் நீங்களாகப் போய் டி-டைமர் எடுத்துப் பதற்றப்பட வேண்டாம். கட்டி இருக்கிறதா என்று பார்க்கக் காலில் டாப்ளர் ஸ்கேன் செய்வார்கள்.

மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தொற்று இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசியை டாக்டர்கள் போடுவது உண்டு. இது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. வீட்டில் சாதாரண ஃப்ளூவோடு இருப்பவருக்கு இந்த ஊசி தேவைப்படாது. தண்ணீர் குடிப்பதும், முடிந்தபோது எழுந்து நாலு எட்டு நடப்பதும் போதும்.

பிரசவத்துக்குப் பிறகு இந்த ஆபத்து முடிந்துவிடுவதில்லை. முதல் ஆறு வாரம்தான் உச்சம். 'பச்சை உடம்புக்காரி, தண்ணி ஜாஸ்தி குடிக்கக் கூடாது, படுக்கையை விட்டு எழுந்திரிக்கக் கூடாது' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் குழந்தை பெற்ற கையோடு காய்ச்சலும் இருக்கும் பெண்ணுக்கு இந்த இரண்டு கட்டுப்பாடும் நேர் எதிரான விளைவைத் தரும். பாட்டியிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

தட்டணு குறைந்தால் டெங்குவா, ஃப்ளூவா?

தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல் இது. வட மாநிலங்கள் பலவற்றில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ சீசன் என்றால், சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில்தான் அது உச்சம் தொடுகிறது. அதே மழையில்தான் டெங்குவும். இரண்டுக்கும் காய்ச்சல், உடம்புவலி. இரண்டிலும் தட்டணு குறையலாம்.

வழக்கமான அளவு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம். எந்த நோயும் இல்லாமலேயே நூறு கர்ப்பிணிகளில் ஐந்து முதல் பத்து பேருக்கு கடைசி மாதங்களில் இது லேசாகக் குறையும். ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஃப்ளூவில் குறைந்தால் கொஞ்சமாகத்தான் குறையும், தானே ஏறிவிடும். டெங்குவில் வேகமாக இறங்கும், கூடவே ஹீமட்டோகிரிட் என்ற அளவு ஏறும். ரத்தக்குழாயில் இருந்து நீர் கசிகிறது என்பதற்கான அடையாளம் அது. அதனால் தட்டணுவை மட்டும் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதுதான் மறைந்திருந்து தாக்கும். ப்ரீ-எக்லாம்ப்சியா முற்றினால் சிவப்பணுக்கள் உடையும், கல்லீரல் என்சைம் ஏறும், தட்டணு இறங்கும். டாக்டர்கள் இதை 'ஹெல்ப்' சிண்ட்ரோம் என்பார்கள். கடுமையான கொரோனாவில் வரும் ரிப்போர்ட்டும் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும். பிரித்துப் பார்க்க உதவும் முதல் கருவி விலை உயர்ந்த ஸ்கேன் எதுவும் இல்லை, ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின்தான். காய்ச்சலுக்குப் போனாலும் பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி இருந்தால் சொல்லாமல் விடாதீர்கள்.

தட்டணுவை ஏற்றுகிறேன் என்று பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர் என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. கர்ப்பிணிகள் இவற்றைத் தாங்களாகக் குடிக்க வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவரிடமோ கேட்டுவிட்டுத்தான்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு?

ஃப்ளூ வைரஸோ, கொரோனா வைரஸோ நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவது அரிது. குழந்தை பாதிக்கப்படுவது வேறு வழியில். நஞ்சுக்கொடி என்பதே தாயின் ரத்தம் வந்து தேங்கி நிற்கும் ஒரு பை மாதிரி. அங்கே சின்னச் சின்ன உறைவுகள் படிந்தால், குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனும் சத்தும் குறையும். கொரோனா வந்த சில தாய்மார்களின் நஞ்சுக்கொடியைச் சோதித்தபோது இப்படிப் படிவுகள் இருந்தன.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை நடந்த 12 லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களை ஆராய்ந்தது. கொரோனா இல்லாத தாய்மார்களில் குழந்தை இறந்து பிறந்தது 0.64 சதவீதம், கொரோனா இருந்தவர்களில் 1.26 சதவீதம். இரட்டிப்பு என்பது உண்மை. நூறில் கிட்டத்தட்ட 99 குழந்தைகள் உயிரோடு பிறந்தன என்பதும் உண்மை. காய்ச்சல் வந்த கர்ப்பிணி செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழந்தையின் அசைவைக் கவனிப்பது. வழக்கத்தைவிடக் குறைந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் என்ன செய்வது?

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். அவை தட்டணுவின் வேலையைத் தடுக்கும். 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அதே நேரம், ப்ரீ-எக்லாம்ப்சியா வராமல் இருக்க டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், இந்தப் பத்தியைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் வந்திருக்கிறது என்று சொல்லி, தொடரலாமா என்று கேளுங்கள். டெங்குவாக இருக்க வாய்ப்பு இருந்தால் பதில் மாறும்.

ஃப்ளூ என்று சந்தேகம் இருந்தால் ஓசெல்டாமிவிர் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். அறிகுறி ஆரம்பித்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். 'மூணு நாள் பார்த்துட்டுப் போகலாம்' என்ற நம் வழக்கம் இங்கே எதிராக வேலை செய்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றித்தான் அதிகக் கேள்வி. அரசு கொடுப்பதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள். காய்ச்சலில் வாந்தி வந்தால் ஓரிரு நாள் விட்டுப்போவதால் ஒன்றும் ஆகிவிடாது. அப்படி விட்டதை மறந்தே போய்விடுவதுதான் பிரச்சினை. உடம்பு தேறியதும் மறுபடி ஆரம்பியுங்கள். டீ, காபியோடு வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி வையுங்கள். எலுமிச்சை ஜூஸ் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஊசி மூலம் ஏற்றும் இரும்புச்சத்தைத் தொற்று தீவிரமாக இருக்கும்போது போட மாட்டார்கள். காய்ச்சல் அடங்கிய பிறகுதான்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை எல்லாம் சாப்பிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் இரும்புச்சத்து டானிக்கை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பீட்ரூட்டும் மாதுளையும் நல்ல உணவுதான். ஆனால் அவற்றின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஹீமோகுளோபின் 8 இருக்கும் ஒருவர் பழத்தை மட்டும் நம்பிக் காலத்தைக் கடத்த முடியாது.

தடுப்பூசி ரத்தத்தை உறையவைக்கும் என்றார்களே?

கோவிஷீல்ட் வகைத் தடுப்பூசியால் மிக அரிதாக, தட்டணு குறைந்து ரத்தக்கட்டி உருவாகும் ஒரு பிரச்சினை வரலாம் என்பது உண்மை. அதை உருவாக்கிய ஆஸ்ட்ராசெனெகா நிறுவனமே பிரிட்டன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் ஒப்புக்கொண்டது 2024ல் செய்தியானது. அது தடுப்பூசி போட்ட சில நாள்களில் இருந்து சில வாரங்களுக்குள் வரக்கூடியது. அப்போது போட்டுக்கொண்டவர்கள் இப்போதைய கர்ப்பத்தை நினைத்து அதற்காகப் பயப்படத் தேவையில்லை.

ஃப்ளூ தடுப்பூசி முற்றிலும் வேறு வகை. ஊசியாகப் போடுவதில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாயிடம் உருவாகும் எதிர்ப்புசக்தி குழந்தைக்கும் போகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி கிடையாது என்பதால் இது பெரிய விஷயம். மூக்கில் ஸ்ப்ரே செய்யும் வகையில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் அது மட்டும் கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். நம் ஊருக்கு மழைக்கு முன்பே, ஆகஸ்ட், செப்டம்பரில் டாக்டரிடம் கேட்டுவிடுவது சரியான நேரம்.

எப்போது கிளம்ப வேண்டும்?

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் 95-க்குக் கீழே போகிறது, நெஞ்சு குத்துகிறது, ஒரு கால் மட்டும் வீங்குகிறது, ஈறு, மூக்கு அல்லது பிறப்புறுப்பில் ரத்தம் கசிகிறது, குழந்தையின் அசைவு குறைகிறது, மயக்கமாக வருகிறது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். போகலாமா வேண்டாமா என்ற குழப்பமாக இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம், இல்லை உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பேசலாம்.

போகும்போது தாய்சேய் நல அட்டை, பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். தட்டணு 1.2 லட்சம் என்ற ஒரே ஒரு எண்ணை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. போன மாதம் அது 1.3 லட்சமா, இரண்டரை லட்சமா என்பதில்தான் டாக்டர் முடிவு எடுப்பார். காய்ச்சல் சரியாகி மூன்று, நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. அன்றைக்கே இதையும் முடித்துக்கொள்ளலாம்.